கீப்பர் கேட்ட டீம்

எந்த ஊருக்குப் புதிதாக ஒரு கால்பந்து டீம் கொடுக்கலாம், எந்த ஊருக்குக் கொடுத்தால் பந்துதான் பாழ் என்று திருத்தமாகச் சொல்லத் தெரிந்தவர் இந்தத் தேசத்திலேயே ஒருவர்தான். அவர் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவைகூடப் பந்தை உதைத்தவர் இல்லை. பந்து அவரை ஒரு தடவை உதைத்திருக்கிறது என்று கேள்வி. அதைப் பற்றிப் பேச அவருக்குப் பிரியமில்லை.

பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று நீளப் புத்தகத்தில் எழுதுவதும், மைக்கில் ஊர்ப் பெயர்களைச் சொல்வதும், விசில் ஊதி வண்டியைக் கிளப்புவதும் அவர் வேலை. டிரைவர், கண்டக்டர், பூக்காரி எல்லோருக்கும் அவர் ‘கீப்பர்’. மகள் இசக்கி கல்லூரி டீமில் கோல் கீப்பராக நின்று பெயர் வாங்கிய பிறகு குழப்பம் வந்துவிட்டது. வாசலில் நின்று “கீப்பர் இருக்காவளா?” என்று கேட்டால் மதினி, அதாவது கீப்பரின் மனைவி, அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

“எந்தக் கீப்பரு? பஸ்ஸ விடுத கீப்பரா, பந்த விடாத கீப்பரா?”

எனக்கு அப்போது தென்காசியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. வீடு இலஞ்சியில். என் பஸ் என்றைக்குமே நேரத்துக்கு வந்ததில்லை. கீப்பரின் கூண்டுக்குப் பக்கத்து பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பு முடித்திருக்கலாம். முடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் பேச்சைக் கேட்டு.

மகள் ஆட ஆரம்பித்ததிலிருந்து மனிதர் பஸ் ஸ்டாண்டையே மைதானமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சட்டைப் பையில் ரெஃப்ரி காட்டுவது போல ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தது. ஒரு நாள் சுரண்டை வண்டி டிரைவர் அரை நிமிஷம் முந்திக் கிளப்பிவிட்டார். கீப்பர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி, வண்டிக்கு முன்னால் நின்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“அண்ணாச்சி, நான் என்ன ஃபவுலா பண்ணிட்டேன்?” என்றார் டிரைவர்.

“வாழைத்தார தலையில வச்சுக்கிட்டு அந்தம்மா ஓடி வருது. அத விட்டுட்டு எடுத்தேல்லா? இன்னொரு மஞ்ச வாங்குனேன்னா ஒன்ன வெளிய ஒக்கார வச்சிருவேன், ஆமா.”

மைக்கைப் பிடித்தால் இன்னும் மோசம். “சங்கரன்கோவில் வண்டி இடது ஓரமா உள்ள வருது. மதுர வண்டி குறுக்க மறிக்குது. சங்கரன்கோவில் விடல, வளைஞ்சு வருது, வருது, நிப்பாட்டிட்டான்யா!” என்பார். வெளியூர்க்காரர்கள் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் கை தட்டிவிட்டு நிற்பார்கள்.

இதையெல்லாம் கோட்டி, கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்தவன்தான். ஆனால் இசக்கிக்குப் புவனேஸ்வரத்திலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து சிரிக்க முடியவில்லை. அங்கே ஒரு பெண்கள் டீமில் கோல் கீப்பராகச் சேரக் கூப்பிட்டிருந்தார்கள். யோசித்துப் பதில் சொல்ல அவகாசமும் கொடுத்திருந்தார்கள். ஒற்றை மகள். தென்காசியிலிருந்து புவனேஸ்வரத்துக்கு பஸ் கிடையாது. கீப்பருக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. “பஸ் போகாத ஊரு என்ன ஊரு?” என்று இரண்டு நாள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதே வாரத்தில் செய்தித்தாளில் ஒன்று வந்தது. பெண்களுக்காகப் புதிதாக ஒரு கால்பந்து லீக் தொடங்கப் போகிறார்களாம். தங்கள் ஊரால் ஒரு டீமைத் தாங்க முடியும் என்று நினைப்பவர்கள் விண்ணப்பிக்கலாமாம். கீப்பர் அந்தத் துண்டைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நடந்ததை மதினிதான் பிறகு சொன்னார். இசக்கி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாளாம்:

“நம்ம ஊருக்கு டீம் கெடைச்சா நான் எங்கயும் போகலப்பா. இங்கனயே நிப்பேன். கெடைக்கலன்னா போவேன். அப்பம் அழப்படாது.”

“நான் ஏன்ட்டி அழப்போறேன்?” என்று கீப்பர் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்.

மகளை ஊரோடு இருத்திக்கொள்ள அப்பன்மார் என்னென்னவோ செய்வார்கள். அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். நெஞ்சு வலி என்று படுத்துக்கொள்வார்கள். அதற்காக ஒரு கால்பந்து டீமையே ஊருக்குக் கொண்டுவரக் கிளம்பியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சும்மா கிளம்பவில்லை. ஊர் ஊராக ஆராய்ச்சி செய்தார். கூண்டை விட்டு அசையாமலே செய்தார். ஒவ்வொரு ஊர்க் கண்டக்டரும் கையெழுத்துப் போட வரும்போது ஒரே கேள்வி: “ஒங்க ஊர்ல சாயந்தரம் ஆறரைக்கு ஆளுவ என்ன செய்தாவ? ஒம்பதுக்கு வீட்டுக்குப் போவ பஸ் உண்டா?”

அவருடைய சித்தாந்தமே கடைசி பஸ்தான். “தம்பி, எல்லாரும் மைதானத்த அளக்கான். நான் பஸ்ஸ அளக்கேன். திரும்பிப் போவ வண்டி இல்லாத ஊர்ல எவனும் எம்பதாவது நிமிசத்துக்கு மேல ஒக்கார மாட்டான். பொம்பளப் பிள்ளைய ஆட்டம் பாக்க வரணுமா, வேண்டாமா? அதுவ எப்படி வீட்டுக்குப் போவும்?” என்றார். கோட்டியின் வாயிலிருந்து வந்தாலும் நியாயம் நியாயம்தான்.

புத்தகத்தில் ஊர்களுக்கு எதிரே தீர்ப்புகள் ஏறின. மதுரை: கூட்டம் உண்டு, கட்அவுட் வைத்துக் கோல் போஸ்ட்டை மறைத்துவிடுவார்கள். சிவகாசி: முதல் கோலுக்கு வெடி போடுவார்கள், புகை கலைந்துதான் அடுத்த கோல். கோவில்பட்டி: ஹாக்கிக்காரர்கள், பேச்சே எடுக்கக் கூடாது. கடையநல்லூரை மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுதினார். “ஆட்டம் தெரிஞ்ச ஊருன்னா அதுதாம். என்ன செய்ய, ரசிகன் பூரா துபாய்ல இருக்கான்.” செங்கோட்டையில் கூட்டம் வரும், ஆனால் கேரளா டீம் வந்தால் யாருக்குக் கை தட்டும் என்று அந்த ஊருக்கே தெரியாது என்றார். எங்கள் இலஞ்சியையும் விடவில்லை. பந்து வயலுக்குள் போனால் வரப்பு வழியாகப் போய் எடுத்துவர ஆட்டத்தில் பாதி போய்விடுமாம். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

கடைசியில் மிஞ்சியது தென்காசி. குற்றாலத்தையும் சேர்த்துக்கொண்டால் கூட்டம், தங்கும் விடுதி, கடைசி பஸ் மூன்றும் உண்டு. டீமுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்: ‘தென்காசி சாரல்.’

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் நான் உள்ளே இழுக்கப்பட்டேன். பங்குனி வெயில். குற்றாலத்து அருவியில் பாறைதான் காய்ந்துகொண்டிருந்தது. இலஞ்சியில் என் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பதில் சொன்னார்.

“சீசன்ல ஒரு நாளைக்குச் சராசரியா எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டிருக்கு அண்ணாச்சி.”

கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சீசன்லயா? அப்படியா கேக்கான்? வெவரமான ஆளுதாம். ஐந்தருவி, பழைய குத்தாலமெல்லாம் சேத்தா, சேக்காமலா?”

“சேத்தே போடுவோமே. எதுக்குக் கொறைக்கணும்?”

நீளப் புத்தகத்தைப் புரட்டினார். போன வருஷம் சாரல் நேரத்தில் குற்றாலத்துக்கு விட்ட ஸ்பெஷல் வண்டிகளை எண்ணி, உள்ளே நின்றவர்களைப் பெருக்கி, காரையும் வேனையும் கூட்டி ஓர் எண் சொன்னார். சுழியங்கள் அந்தக் கட்டத்தில் அடங்குமா என்றுதான் எனக்குச் சந்தேகம் வந்ததே தவிர, வேறு சந்தேகமே வரவில்லை. படித்தவன், ஆபீசில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவன், வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவனுக்குச் சீசன் என்றால் ஒன்றுதான். ‘சீசன் எப்படி?’ என்று கேட்டால் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று அர்த்தம்.

“சீசன் இல்லாத மாசங்கள்ல அந்த இடத்த எதுக்குப் பயன்படுத்துவீங்கன்னு கேட்டிருக்கு.”

“ஒண்ணுக்கும் ஆவாது. கொரங்கு ஒக்காந்திருக்கும்னு எழுதுங்க.”

‘உள்ளூர்வாசிகள் பயன்படுத்துவார்கள்’ என்று நான் நாகரிகமாக ஆங்கிலத்தில் எழுதினேன்.

“சீசன் டிக்கெட் எத்தனை பேர் எடுப்பாங்களாம்.”

“செங்கோட்ட ரயில்ல முக்காவாசிப் பேரு சீசன் டிக்கெட்டுதான? நெறைய்யன்னு போடுங்க.”

போட்டேன். அனுப்பினேன். அன்று எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

இசக்கி புவனேஸ்வரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு வெள்ளிக்கிழமை. அந்தப் புதன்கிழமை சாயந்தரம், லீக் ஆபீசிலிருந்து வீடியோவில் பேசுவதாகத் தகவல் வந்தது. கீப்பர் காக்கி யூனிஃபாரத்தை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மதினியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மதினி ஒரு தூக்குச்சட்டியில் கேசரி கிண்டி எடுத்து வந்திருந்தார். திரையில் வந்தது ஒரு சென்னைப் பெண். நல்ல மரியாதை.

“சார், உங்க சீசன் நம்பர் பாத்து எங்க ஆபீஸே ஆடிப்போச்சு.”

“எங்க சீசன் அப்படிம்மா.”

“சாரல் விளையாடுற நாள்னா ஊரே வந்துடுமா சார்?”

“ஆமாம்மா, வெளையாட்டுதாம். சாரல் விழுந்தா போதும், அன்னைக்கே கூட்டம் அள்ளிரும்.”

அந்தப் பெண் திரைக்குக் கிட்டே குனிந்தாள். “சாரல் விழுந்தாகூட கூட்டம் வருமா?”

“விழுந்தாத்தானம்மா வரும்! விழாம நின்னுட்டா ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்.”

அவள் பக்கத்தில் யாரிடமோ வேகமான ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. இசக்கிக்குப் பிடிபட்டது. அவள் கை மெல்ல நெற்றிக்குப் போனதைப் பார்த்தேன்.

“எத்தனை வருஷமா சார் இப்படி விழுந்துட்டு இருக்கு?”

“அகத்தியர் காலத்துலேருந்தும்மா.”

“ஹெரிடேஜ் கிளப்!” என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். சுருக்கப் பட்டியலில் தென்காசியைச் சேர்த்துவிட்டதாகவும், அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லி வணக்கம் வைத்தாள். திரை அணைந்தது. கீப்பர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மதினி தூக்குச்சட்டியைத் திறந்தார்.

“யப்பா” என்றாள் இசக்கி. “அவுக கேட்டது நம்ம சீசன் இல்லப்பா. மேட்ச் நடக்குத சீசன். சாரல் விழுந்தாம்னா டீம் தோத்தாம்னு நெனச்சிட்டாவ. தோத்தாலும் வருத ரசிகர்னு அந்தப் பொண்ணு அழுவுது.”

கீப்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

“அப்பம், மேட்ச் பாக்கன்னு நம்ம ஊர்ல எத்தன பேரு வருவான்?”

“போன தடவ எங்க மேட்ச்சுக்கு வந்தவுகள நீங்கதானப்பா எண்ணுனிய?”

எண்ணியிருந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எல்லோரையும் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். உட்கார இடமும் இருக்கும்.

இவ்வளவு நாளும் ‘ஊருக்கு ஒரு டீமு கெட்டுததுக்கு இவள அங்கனயே போவ விட்டா என்னவாம்?’ என்று புருஷனைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தவர் மதினி. அவர் இப்போது தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“இந்தாருங்க, நான் ஒண்ணு சொல்லுதேன். யாரும் ஒண்ணும் சொல்லாண்டாம். அவுக பைய வந்து பாக்கட்டும். அது வரைக்கும் பிள்ள இங்கன இருக்கும்லா?”

சொல்லி முடிப்பதற்குள் முந்தானை வாய்க்குப் போய்விட்டது. இசக்கியோ வாக்குக் கொடுத்தவள். பட்டியலில் தென்காசி இருக்கும் வரை வெள்ளிக்கிழமை ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு இங்கேயே நின்றுவிடுவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கீப்பர் கொல்லைப்புறம் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். “தம்பி, அந்தப் பெட்டியத் தொறங்க. திருத்தி அனுப்பணும்.”

நான் நல்ல புத்தி சொல்கிறவன்போலச் சொன்னேன். “நேர்ல வரத்தான போறாவ அண்ணாச்சி? ஊரப் பாத்தா பிடிச்சுப்போவலாம். நாமளா எதுக்கு வாயக் குடுக்கணும்?”

“வராத பஸ்ஸ வரும்னு மைக்குல சொன்னா என்ன ஆவும் தெரியுமா? ஒருத்தன் பிள்ள குட்டியோட நின்னுக்கிட்டே இருப்பான். நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்ல.” ஈர முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “அந்தப் பட்டியல்ல நாம ஏறி ஒக்காந்தா இன்னொரு ஊரு எறங்கணும். அந்த ஊர்லயும் மகள விட மனசில்லாத அப்பன் ஒருத்தன் இருப்பாம்லா? அவன் எண்ணுனது நெசமா இருக்கும்.”

அவர் சொல்ல நான் எழுதினேன். ‘மதிப்பிற்குரியீர், நாங்கள் எழுதிய சீசன் தண்ணீர் விழும் சீசன். அந்தக் கூட்டம் குளிக்க வருகிற கூட்டம். கோல் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. காலி மாதங்களில் பயன்படுத்தும் உள்ளூர்வாசிகள் குரங்குகள். தவறு எங்களுடையது. பட்டியலிலிருந்து எங்களை எடுத்துவிடவும். ஆனாலும் எங்கள் ஊரில் ஒரு நல்ல கீப்பர் இருக்கிறாள்.’

கடைசி வரி நானாகச் சேர்த்தது. அதைப் படித்துக் காட்டியதும், “அது என்னத்துக்கு, சவத்த அழிங்க” என்றார். அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அழிக்காமல் அனுப்பினேன். அந்த ஒரு விஷயத்தில் அவரிடம் நான் பொய் சொன்னேன். அதற்கு வருத்தமே இல்லை.

மறுநாளே பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, பெயரை எடுத்துவிட்டோம், ஒரு சீசனுக்குக் குளிக்க வருகிறோம் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை இசக்கி புவனேஸ்வரத்துக்கு ‘வருகிறேன்’ என்று எழுதினாள்.

அவள் புறப்பட்ட அன்று கீப்பர் லீவு போடவில்லை. பையைத் தூக்கித் திருநெல்வேலி வண்டியில் ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுக் கூண்டுக்கு வந்து மைக்கைக் கையில் எடுத்தார். குரல் வரவில்லை. இரண்டு தரம் இருமிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. மதினிதான் மைக்கை வாங்கி, “திருநெல்வேலி வண்டி பொறப்படுது, ஏறுதவுக ஏறிக்கிடுங்க” என்று தெளிவாகச் சொன்னார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் அன்று மட்டும் பெண் குரல் கேட்டது. வண்டி போனது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சாயந்தரம், வழக்கம்போல நான் அந்த பெஞ்சில் இருந்தேன். மலைப்பக்கம் கறுத்து, துணியில் படாத மாதிரி சாரல் விழுந்துகொண்டிருந்தது. கீப்பர் முன்போல அதிகம் பேசுவதில்லை. பேச்சுக் கொடுக்கலாம் என்று நான்தான் கேட்டேன்.

“அண்ணாச்சி, இப்பம் சொல்லுங்க. புதுசா டீம் குடுத்தா எந்த ஊருக்குக் குடுக்கணும்?”

நீளப் புத்தகத்தை மூடி வைத்தார். “புவனேஸ்வரம்.”

“அங்கதான் டீம் இருக்குல்லா? இசக்கியே அதுலதான ஆடுதா?”

“இருந்தா என்ன? இன்னொண்ணும் குடுக்கலாம்.” விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “முந்தாநாளு பந்து பட்டு இவளுக்கு வலது கை வெரலு வீங்கிப்போச்சு. சாப்பிட முடியல. தங்கியிருக்க வீட்டுக்காரம்மா, அதுக்குத் தமிழும் தெரியாது, இவளுக்கு அந்த பாஷையும் வராது, சோத்தப் பெசஞ்சு ஊட்டிவிட்டிருக்கு. மூணு வேளையும். வீடியோல காட்டுதா. அப்படி ஒரு ஆளு இருக்க ஊருக்கு எத்தன டீமு குடுத்தாலும் தகும் தம்பி.”

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இலஞ்சி பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.